பாடசாலைத் துப்பாக்கிச் சூடு பற்றிய இரண்டு நாள் செயலமர்வு: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

கடந்த பாடசாலை விடுமுறையில், மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் செயலமர்வில், எங்கள் பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியை என்ற முறையில் நானும் கலந்துகொண்டேன். பாடசாலைகளில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டின் காரணங்கள், அவற்றைப் பற்றி உலவும் கட்டுக்கதைகள், அவற்றின் பின்விளைவுகள் ஆகியவையே பொருள் என்று அழைப்பிதழில் இருந்தது. கட்டணம் ஆளுக்கு 3,500 ரூபா. கையேடு, தேநீர், மதியச் சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் அதற்குள் அடக்கம். நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். முதல் நாளைப் பற்றி நன்றாகவும் இரண்டாம் நாளைப் பற்றிக் கடுமையாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய பயிற்சிக்குப் பணமும் விடுமுறையும் கொடுக்கப் போகும் ஆசிரியர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த மதிப்பீடு உதவினால் போதும்.

போவதா விடுவதா என்று நான் ஒரு கிழமை யோசித்தேன். இலங்கையில் சாதாரணக் குடிமகன் ஒருவன் கடைக்குப் போய்த் துவக்கு வாங்கிவர முடியாது. உரிமம் பெறுவதே பெரும்பாடு. மாணவன் ஒருவன் வீட்டு அலுமாரியிலிருந்து துவக்கை எடுத்துப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவது எங்கள் கற்பனைக்கு எட்டாத காட்சி. அதே வேளை, துவக்குச் சத்தம் என்றால் என்னவென்று அமெரிக்க ஆசிரியர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். மண்டபத்தில் இருந்த நாற்பது பேரில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எவரும் அதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை இங்கே வந்து படிப்பிப்பதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியோடுதான் களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறினேன். முதல் நாள் மதியத்துக்குள் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் காலை முழுவதையும் வளவாளர் ஒரே ஒரு சம்பவத்துக்கு ஒதுக்கினார்: 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் நடந்த கொலைகள். இது சரியான தெரிவு. பத்துச் சம்பவங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் எதுவும் மனதில் நின்றிருக்காது. அந்தப் பாடசாலையில் படித்த இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, இருபதுக்கு மேற்பட்டோரைக் காயப்படுத்தி, ஒரு மணித்தியாலத்துக்குள் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். இந்த அளவு மண்டபத்தில் பலருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர்கள் முதலில் வகுத்த திட்டம் துப்பாக்கிச் சூடே இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சிற்றுண்டிச்சாலைக்குள் இரண்டு பெரிய புரொப்பேன் வாயுக் குண்டுகளைப் பைகளில் வைத்து, 11.17க்கு வெடிக்கும்படி நேரம் குறித்திருந்தார்கள். அந்த வேளையில் அங்கே ஏறத்தாழ 500 பேர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. தப்பி ஓடிவருபவர்களை வெளியே நின்று சுடுவதும், உதவிக்கு வரும் பொலிஸாரும் செய்தியாளர்களும் நிற்கும் இடத்தில் தங்கள் வாகனங்களை வெடிக்க வைப்பதும் அடுத்த கட்டங்கள். குண்டுகளைப் பிழையாகச் செய்திருந்ததால் அவை வெடிக்கவில்லை. வெடிக்காது என்று தெரிந்ததும், 11.19 அளவில் வெளியே நின்று சுடத் தொடங்கி, பிறகு துவக்கோடு உள்ளே நுழைந்தார்கள். வளவாளர் சுவரில் ஒரு கடதாசி மணிக்கூட்டை ஒட்டி, அதன் முள்ளைக் கையால் திருப்பித் திருப்பி இதைச் சொன்னார். எந்தப் பல்லூடகக் காட்சியும் இதைவிட நன்றாகச் செய்திருக்காது. வெடிக்காமல் போன அந்தக் குண்டுகளைக் கணக்கில் எடுத்தால், கொலம்பைனைப் பற்றி உலகம் நம்பிய கதைகளில் பாதி அங்கேயே விழுந்துவிடுகிறது என்று அவர் சொன்னது உண்மை. தங்களைக் கேலி செய்த விளையாட்டு வீரர்களைத் தேடிப் பழிவாங்க வந்தவர்கள் என்றால், எவர் இருக்கிறார் எவர் இல்லை என்று பாராமல் சாப்பாட்டுக் கூடம் முழுவதையும் தகர்க்க ஏன் திட்டமிட வேண்டும்?

கட்டுக்கதைகள் எப்படிப் பிறந்தன என்று விளக்கிய அடுத்த பகுதியே இந்தச் செயலமர்வின் மிகச் சிறந்த பகுதி. அன்று பாடசாலைக்கு வெளியே தொலைக்காட்சிக் கமெராக்கள் சம்பவம் முடிவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டன. வகுப்பறைகளுக்குள் ஒளிந்திருந்த சில மாணவர்கள் அங்கிருந்த தொலைக்காட்சியில் தங்கள் பாடசாலையைத் தாங்களே பார்த்துக்கொண்டும், கைத்தொலைபேசியில் நிலையங்களுக்கு அழைத்துப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். கறுப்பு நீளக்கோட்டு அணிந்த ஒரு கூட்டம் என்று ஒரு பிள்ளை சொன்னது செய்தியானது. அந்தச் செய்தியைப் பார்த்த அடுத்த பிள்ளை, கொலையாளிகளை ஒருநாளும் அறியாத பிள்ளை, அதையே தான் அறிந்த விடயமாகச் செய்தியாளரிடம் சொன்னது. இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள் என்று செய்தியாளர் அதை உறுதிப்படுத்திக்கொண்டார். இறந்தவர்கள் 25 பேர் வரை இருக்கலாம் என்று அன்று மாலை மாவட்டப் பொலிஸ் அதிபரே சொன்னார். அந்தக் கோட்டுக் கூட்டம் முந்தைய ஆண்டுகளில் அந்தப் பாடசாலையில் உண்மையில் இருந்த ஒரு நண்பர் குழு. இந்த இரண்டு பேரும் அதன் உறுப்பினர்களாக இருக்கவில்லை. இருந்தும் அமெரிக்கா முழுவதும் பல பாடசாலைகள் நீளக்கோட்டைத் தடைசெய்தன. கறுப்பு உடுப்புப் போட்ட, ஒதுங்கியிருந்த, எவருக்கும் தீங்கு செய்யாத பிள்ளைகள் சந்தேகத்துக்கு உள்ளானார்கள்.

இந்த இடத்தில் மண்டபம் சற்று அமைதியானது. வளவாளர் எதையும் நேரடியாகச் சொல்லவில்லை; சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஓர் உடை எப்படி ஓர் அடையாளமாகப் பார்க்கப்பட்டது, பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது வாசலில் புத்தகப்பைகளைத் திறந்து காட்டிய பிள்ளைகளில் எவருடைய பை கூடுதல் நேரம் கிளறப்பட்டது என்பதெல்லாம் அங்கே இருந்த தமிழ் ஆசிரியர்களுக்கும் முஸ்லிம் ஆசிரியர்களுக்கும் நன்றாகத் தெரியும். காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை தன் கொப்பியில் எதையோ எழுதி, அதன் கீழே இரண்டு முறை கோடிழுத்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை.

மற்றொரு கட்டுக்கதையை அவர் எடுத்துக்கொண்ட விதத்தில் நிதானம் இருந்தது. நூலகத்தில் கொல்லப்பட்ட ஒரு மாணவியிடம், கடவுளை நம்புகிறாயா என்று கொலையாளி கேட்டதாகவும் ஆம் என்று அவள் சொன்னதால் சுடப்பட்டதாகவும் ஒரு செய்தி பரவி, அவள் விசுவாசத்துக்காக உயிர்நீத்தவளாகப் போற்றப்பட்டாள். விசாரணையாளர்கள், அதைக் காதால் கேட்டதாகச் சொன்ன மாணவனை நூலகத்துக்குள் அழைத்துச் சென்று குரல் வந்த திசையைக் காட்டச் சொன்னபோது, அவன் காட்டியது இறந்த மாணவி இருந்த மேசையை இல்லை. படுகாயமடைந்து உயிர்தப்பிய வேறொரு மாணவி இருந்த இடத்தையே. கடவுளைப் பற்றிய அந்தப் பேச்சு இவளுக்கும் கொலையாளிக்கும் இடையில், அதுவும் இவள் சுடப்பட்ட பிறகு நடந்தது. ஆனால் கதை அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. உயிரோடிருந்தவள் தனக்கு நடந்ததைச் சொன்னபோது அவளைச் சிலர் நம்பவில்லை. இறந்த பிள்ளையின் பெற்றோருக்கு அந்தக் கதை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி, எவரையும் ஏளனம் செய்யாமல் வளவாளர் இதை முடித்தார். மதப் பற்றுள்ள நாற்பது பேர் முன் இதைச் சொல்வது எளிதன்று.

காரணங்களைப் பற்றிய பகுதியில் புள்ளிவிபரங்கள் வந்தன. அவை வந்த இடமும் நல்ல இடம். அமெரிக்க இரகசிய சேவையும் கல்வித் திணைக்களமும் இணைந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வு, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பாடசாலைத் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் எடுத்து ஆராய்ந்தது. தாக்கியவன் இப்படித்தான் இருப்பான் என்று சொல்லத்தக்க ஒரு மாதிரியுரு இல்லை என்பது அதன் முதல் முடிவு. அவர்களில் 63 வீதமானோர் தாயும் தகப்பனும் சேர்ந்திருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். 41 வீதமானோர் நல்ல புள்ளிகள் பெற்றுவந்தவர்கள். படிப்பில் சித்தியடையாமல் இருந்தவர்கள் 5 வீதம் மாத்திரமே. வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகளில் ஆர்வம் காட்டியவர்கள் 12 வீதம். இந்த எண் திரையில் வந்ததும், பிள்ளைகள் கெட்டுப்போவதற்கெல்லாம் கைத்தொலைபேசி விளையாட்டே காரணம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிவரும் ஓர் அதிபர் எழுந்து, தரவு பழையது என்றார். தரவு பழையதுதான் என்று வளவாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதிக்காக ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டால், அடுத்து வரும் எண்களைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னார். அதிபர் அமர்ந்தார். சம்மதித்து அமர்ந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்த எண்கள் இவை. தாக்கியவர்களில் 71 வீதமானோர் சம்பவத்துக்கு முன் தாங்கள் பிறரால் துன்புறுத்தப்பட்டதாகவோ அச்சுறுத்தப்பட்டதாகவோ உணர்ந்திருந்தனர். 78 வீதமானோர் தற்கொலையைப் பற்றி யோசித்தவர்கள் அல்லது முயன்றவர்கள். 98 வீதமானோர் ஒரு பெரிய இழப்பையோ தோல்வியையோ சந்தித்திருந்தனர். 68 வீதமானோர் துவக்கைத் தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தவர்கள். கேலிவதை இருந்தது, ஆனால் அது மாத்திரம் போதாது. மன அழுத்தம் இருந்தது, அதுவும் மாத்திரம் போதாது. கைக்கெட்டும் தூரத்தில் துவக்கு இருந்தது. கொலம்பைன் கொலையாளிகளின் நான்கு துவக்குகளில் மூன்றை, 18 வயதான ஒரு தோழி துவக்குச் சந்தையொன்றில் தனியார் விற்பனையாளர்களிடம் எந்தப் பின்னணிச் சோதனையும் இல்லாமல் வாங்கிக் கொடுத்தாள். திடீரென்று மனம் பேதலித்துச் செய்தார்கள் என்ற கதையும் இங்கே உடைந்தது: அவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் திட்டமிட்டு, அதை நாட்குறிப்புகளில் எழுதி, ஒளிநாடாவில் பதிவும் செய்துவைத்திருந்தார்கள்.

பாகிஸ்தானின் பெஷாவரில் 2014 டிசெம்பர் 16 அன்று நடந்ததும் இந்த வகைதானா என்று ஏறாவூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். வெளியிலிருந்து ஆயுதக் குழு ஒன்று வந்து ஒரு பாடசாலையைத் தாக்குவதற்கும், அதே பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளை தாக்குவதற்கும் காரணமும் வேறு, தடுக்கும் வழியும் வேறு என்று வளவாளர் பிரித்துச் சொன்ன பதில் சுருக்கமானதும் தெளிவானதுமாக இருந்தது.

இனி நான் பணம் கொடுத்ததற்கு ஈடான பகுதிக்கு வருகிறேன். அதே ஆய்வின்படி, 81 வீதமான சம்பவங்களில் தாக்குதல் நடக்கப்போவது குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது; தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறப்புகள். 93 வீதமானோர் சம்பவத்துக்கு முன் பிறர் கவலைப்படும்படி எதையாவது செய்திருந்தனர். இப்படி முன்கூட்டியே வெளியே வரும் சொல், எழுத்து, வரைபடம், பகிடி ஆகியவற்றுக்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2000 ஆம் ஆண்டு அறிக்கையில் கொடுத்த பெயரை எங்கள் கையேட்டில் 'ஒழுக்கு' என்று தமிழாக்கியிருந்தார்கள். கையேட்டின் மொழிபெயர்ப்பு பொதுவாக மிக மோசம். ஆயுதத்தோடு நடமாடித் தாக்கிக்கொண்டிருக்கும் ஆளைச் 'சுறுசுறுப்பான சுடுநர்' என்று எழுதியிருந்ததைப் படித்துப் பின்வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் இந்த ஒரு சொல் தற்செயலாகச் சரியாக விழுந்துவிட்டது. "ஒழுக்கெண்டா எங்களுக்கு விளங்கும் சேர், எங்கட பள்ளிக்கூடக் கூரை மாரியில அதுதானே" என்று வெல்லாவெளிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சொல்ல, அதற்குப் பிறகு எல்லோரும் அந்தச் சொல்லையே பயன்படுத்தினோம். எந்த ஓட்டில் ஒழுக்கு என்று தெரிந்தும் வாளியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.

கொலம்பைனில் ஒழுக்கு இருந்தது. கொலையாளிகளில் ஒருவன் இணையத்தில் எழுதிய மிரட்டல்களையும் குழாய்க்குண்டு செய்வதைப் பற்றிய பீற்றல்களையும் அயல்வீட்டுப் பெற்றோர் 1998 இலேயே பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அவன் வீட்டைச் சோதிக்க அனுமதி கேட்கும் சத்தியக் கடதாசி ஒன்று எழுதப்பட்டது. அது நீதவானின் மேசைக்குப் போகவே இல்லை. அப்படியொரு கடதாசி இருந்தது என்பது 2001 இல்தான் பகிரங்கமானது. இதைக் கேட்டதும், மத்திய வீதியில் சீயோன் தேவாலயத்தைக் கடந்து அன்று காலை இந்த மண்டபத்துக்கு நடந்துவந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற எத்தனையோ சிறுவர்கள் அங்கே பலியானார்கள். அந்தத் தாக்குதல்களைப் பற்றி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது 2019 ஏப்ரல் 4 அன்று. பதினேழு நாட்கள் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. கிடைத்த எச்சரிக்கையின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, அப்போதைய ஜனாதிபதியும் பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கப் பாடசாலைக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்ற என் கேள்விக்கு விடை கிடைத்தது இந்த இடத்தில்தான். துவக்கு அவர்களுடையது, மேசையில் தேங்கிய கடதாசி இரண்டு ஊருக்கும் பொது.

இதையடுத்து ஒரு பயிற்சி. ஆளுக்கொரு சிறிய வெள்ளை அட்டை தந்தார்கள். கடந்த ஒரு வருடத்தில் ஒரு பிள்ளை சொல்லி நீங்கள் பகிடி என்று விட்டுவிட்ட ஒரு வசனத்தை, பிள்ளையின் பெயரில்லாமல் எழுதுங்கள் என்றார்கள். பத்து நிமிடம் என்றவர்கள் இருபது நிமிடம் விட்டார்கள், எவரும் அவசரப்படுத்தவில்லை. அட்டைகளைக் கலக்கி வளவாளர் வாசித்தார். "நான் இல்லாட்டி வீட்டில ஒரு வாய்ச் சோறு மிச்சம்." "ஒரு நாளைக்கு எல்லாரும் என்னைத் தேடுவீங்க." "அந்தக் கொம்பாசால குத்தினா எவ்வளவு ஆழம் போகும் ரீச்சர்?" என் அட்டை ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தது, பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன்னைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் மூவரின் பெயரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி போட்டிருந்தான். நான் அப்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒழுங்காகப் படி என்று சொல்லி அனுப்பினேன். இதைப் பிறர் குரலில் கேட்பது இனிமையான அனுபவமாக இருக்கவில்லை. இங்கே எவரும் துவக்கோடு வரப்போவதில்லை. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ கேடு செய்ய நினைக்கும் பிள்ளை முதலில் வாய்விட்டுச் சொல்லும் இடம் மாத்திரம் ஒன்றுதான். கொலராடோவில் 2004 இல் தொடங்கப்பட்ட, மாணவர்கள் பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கும் அழைப்புச் சேவை இந்தப் படிப்பினையிலிருந்தே பிறந்தது என்று கூறி, எங்களுடைய 1929 சிறுவர் உதவி இலக்கத்தையும் 1926 மனநல உதவி இலக்கத்தையும் பலகையில் எழுதினார். அவை எத்தனை வகுப்பறைச் சுவர்களில் இருக்கின்றன என்று கேட்டபோது ஐந்து கைகளே உயர்ந்தன. அவற்றில் என் கை இல்லை.

சாப்பாடு பரவாயில்லை, வாழையிலையில் கட்டிய மீன் பொதி, சூடாகவே வந்தது. மண்டபத்தின் மின்விசிறிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, கழிப்பறையில் தண்ணீர் பிற்பகலில் நின்றுவிட்டது. இவற்றுக்காக நான் புள்ளி குறைக்கப்போவதில்லை.

இரண்டாம் நாளுக்குக் குறைக்கிறேன். வேறொரு வளவாளர் வந்தார். அமெரிக்கப் பாடசாலைகளின் பூட்டடைப்புப் பயிற்சியை அப்படியே கொண்டுவந்திருந்தார். கதவைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், வாசலிலிருந்து தெரியாத மூலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோங்கள் என்றார். எங்கள் மாவட்டத்தின் பெரும்பாலான வகுப்பறைக் கட்டடங்களை அவர் பார்த்ததே இல்லையோ என்று நினைத்தேன். எங்களிடம் இருப்பது இடுப்பளவு அரைச்சுவர். அதற்கு மேல் கம்பிவலை, சில இடங்களில் அதுவும் இல்லை. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகளைப் பிரிப்பது கரும்பலகையும் தட்டியும்தான். பூட்டுவதற்குக் கதவு எங்கே, ஒளிவதற்கு மூலை எங்கே என்று படுவான்கரையிலிருந்து வந்த ஆசிரியை கேட்டார். உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே பதில். அப்படி மாற்றித் தருவதற்காகவே நாங்கள் கட்டணம் செலுத்தினோம்.

அதைவிடப் பெரிய தவறு, முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் ஒலிபெருக்கியில் துவக்குச் சூட்டின் பதிவை ஓடவிட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் ஆசிரியை மேசைக்குக் கீழே போனார். நாங்கள் சிலர் பயிற்சிக்காகப் போகிறார் என்று நினைத்தோம். ஒலி நின்ற பிறகும் அவர் எழும்பவில்லை. இரண்டு கைகளாலும் மேசையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தரையில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவ, அவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய் வாவியைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். மண்டபத்துக்குள் அவர் திரும்பி வரவில்லை. நெருக்கீட்டைப் பற்றிப் படிப்பிக்க வந்தவர்களே நெருக்கீட்டை உண்டாக்கியதற்கு, அதுவும் மட்டக்களப்பில், எந்தச் சமாதானமும் இல்லை. உண்மைபோல நடத்தப்படும் இத்தகைய பயிற்சிகள் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமே 2020 இல் எச்சரித்தது. ஒலிகளையும் போலிக் காயங்களையும் தவிர்க்கச் சொன்னது. அவர்களே கைவிடச் சொன்னதை எங்களுக்கு ஏன் விற்க வேண்டும்?

பிற்பகலில் 'ஆபத்தான மாணவரை அடையாளம் காணும் படிவம்' ஒன்று தந்தார்கள்: தனிமை விரும்புபவர், கறுப்பு நிற உடை, இருண்ட கவிதைகள், குடும்பப் பிரிவு என்று இருபத்திரண்டு கட்டங்கள். மாதிரியுரு இல்லை என்று முதல் நாள் ஒரு காலை முழுவதும் நிறுவியதை இந்த ஒற்றைத் தாள் துடைத்துவிட்டது. எங்கள் ஊரில் தகப்பனோ தாயோ மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர். குடும்பப் பிரிவுக் கட்டத்தில் அடையாளமிட்டால் என் பதிவேட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான் அந்தத் தாளை நிரப்பவில்லை. இத்தகைய படிவத்தை எந்தப் பாடசாலையிலும் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதைவிட அவன் என்ன சொன்னான், என்ன செய்தான், யாரிடம் உதவி கேட்டான் என்பதைத்தான் கேட்க வேண்டும் என்று முதல் நாள் வளவாளர் சொன்னதை இரண்டாம் நாள் வளவாளர் கேட்டிருக்கவில்லை. இருவரும் ஒருமுறையாவது சந்தித்துப் பேசினார்களா என்ற ஐயம் எனக்கு இன்னும் உண்டு.

பின்விளைவுகள் என்று அழைப்பிதழில் போட்டிருந்த பகுதிக்கு மிஞ்சியது கடைசி முக்கால் மணித்தியாலம். முதல் நாள் வளவாளரே திரும்பி வந்து அதை நடத்தியதால் ஓரளவு காப்பாற்றப்பட்டது. கொலம்பைனில் மாணவர்களைக் காப்பாற்ற ஓடிச் சுடப்பட்ட ஆசிரியர், மூன்று மணித்தியாலம் வரை ஒரு விஞ்ஞான அறையில் இரத்தம் வடிந்தபடி கிடந்தார். ஒருவர் இரத்தம் வடிந்து இறந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு பலகையில் எழுதி யன்னலில் வைத்திருந்தார்கள். கொலையாளிகள் நண்பகலுக்குச் சற்றுப் பின்னரே இறந்துவிட்டார்கள், சிறப்புப் படை அறை அறையாகச் சோதித்துக்கொண்டு வந்துசேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. இதற்குப் பிறகே, முதலில் வருகிற பொலிஸார் காத்திராமல் உள்ளே போக வேண்டும் என்று அமெரிக்காவில் நடைமுறை மாறியது. மாறிய பிறகும் 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டியில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது பொலிஸார் 77 நிமிடம் நடைபாதையில் காத்துநின்றார்கள். எழுதிவைத்த நடைமுறை வேறு, அன்றைய தினம் நடப்பது வேறு என்பதைச் சுற்றறிக்கைகளால் நிறைந்த கோவைகளைக் கட்டிவைத்திருக்கும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றி அவர் இரண்டு வாக்கியங்களே சொன்னார். 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேனில் 16 சிறு பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டே பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. 2012 டிசெம்பரில் சாண்டி ஹூக்கில் 20 பிள்ளைகள் உட்பட 26 பேர் பாடசாலைக்குள் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் அப்படி எதையும் நிறைவேற்றவில்லை. மாறாக, அந்தப் பெற்றோரைப் பொய்யர்கள் என்றும் நடிகர்கள் என்றும் பிரசாரம் செய்த ஒருவருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2022 இல் ஜூரிமார் பல கோடி டொலர் நட்டஈடு வழங்கினார்கள். பிள்ளையைப் புதைத்த பெற்றோர், பிள்ளை இருந்ததையே நிரூபிக்க வேண்டிய நிலை. இதைக் கேட்டபோது மண்டபத்தில் எவரும் அசையவில்லை. காணாமல்போனோரின் தாய்மார் வீதியோரத்தில் படங்களோடு அமர்ந்திருக்கும் மாவட்டத்தில் இதற்கு உரை எதுவும் வேண்டியதில்லை.

துயரம் ஆண்டுக்கணக்கில் நீள்வதைப் பற்றிச் சொன்னவை இன்னும் விரிந்திருக்க வேண்டும். கொலம்பைனில் படுகாயமடைந்த ஒரு மாணவியின் தாய் ஆறு மாதம் கழித்து உயிரை மாய்த்துக்கொண்டார். 2018 இல் புளோரிடாவின் பார்க்லண்டில் 17 பேர் கொல்லப்பட்டதிலிருந்து தப்பிய இரண்டு பேர் ஓராண்டு கழித்து ஒரே கிழமைக்குள் தற்கொலை செய்துகொண்டார்கள். கொலம்பைன் அதிபர், சம்பவ நாளில் அந்தப் பகுதியில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் பாடசாலையை முடிக்கும்வரை இருப்பேன் என்று 2014 வரை பதவியில் இருந்தார். கொலைகள் நடந்த நூலகத்தை அகற்றி அந்த இடத்தைத் கூரை வரை திறந்த கூடமாக்கி, வேறிடத்தில் புதிய நூலகம் கட்டினார்கள். கொலையாளிகளின் பெயரையும் படத்தையும் திரும்பத் திரும்பக் காட்டுவது அடுத்தவனுக்கு அழைப்பாகிறது என்பதால் வளவாளர் இரண்டு நாளும் அந்தப் பெயர்களை உச்சரிக்கவே இல்லை என்பதைக் கடைசியில் சொன்னபோதுதான் நான் கவனித்தேன். நானும் இங்கே எழுதவில்லை.

இந்த நகரத்துக்கு இதில் சொந்த அனுபவம் இருக்கிறது என்பதை எந்த வளவாளரும் தொடவில்லை. 1996 இல் இதே மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண்ணிலும் கதையிலும் தங்கள் மனதைத் திறந்தார்கள். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் உளசமூகப் பணி செய்த பலர் இன்றும் இந்த மாவட்டங்களில் ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் இருக்கிறார்கள்; அவர்களில் குறைந்தது மூவர் அந்த மண்டபத்திலேயே பங்குபற்றுநர்களாக அமர்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்பி அரை மணித்தியாலம் பேசவைத்திருந்தால், ஒலிபெருக்கி ஓடவிட்ட நேரத்துக்கு அது எவ்வளவோ மேல்.

மதிப்பிட்டுச் சொல்வதானால், முதல் நாளுக்கு ஐந்தில் நாலரை, இரண்டாம் நாளுக்கு ஒன்று. அந்த ஒன்றும் கடைசி முக்கால் மணித்தியாலத்துக்காக. வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர்களும் பகுதித் தலைவர்களும் முதல் நாளுக்குக் கட்டாயம் போகலாம். போருக்குள் வளர்ந்த சகபாடிகளை அழைத்துப் போவதானால், ஒலிப்பதிவு எதுவும் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். உண்டு என்றால் இரண்டாம் நாளை விட்டுவிடுங்கள். கையேட்டை வாசிக்க வேண்டியதில்லை. சான்றிதழ் தரமான கடதாசியில் இருக்கிறது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

மாலையில் தந்த கருத்துப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் தமிழில் மூன்று விடயங்கள் எழுதிக் கொடுத்தேன்: ஒலிப்பதிவை நிறுத்துங்கள், இருபத்திரண்டு கட்டப் படிவத்தை எரித்துவிடுங்கள், அட்டைப் பயிற்சிக்கு ஒரு நாள் முழுவதையும் கொடுங்கள். இரண்டு நாளில் அழைப்பதாகச் சொன்னார்கள், மூன்று கிழமையாகிறது. பாடசாலை தொடங்கிய முதல் திங்கட்கிழமை அந்தப் பத்தாம் ஆண்டு மாணவனை இடைவேளையில் கூப்பிட்டேன். இப்போது பதினோராம் ஆண்டு. அந்தக் கொப்பிப் பக்கத்தைப் பற்றிக் கேட்டதும், "அதுவா ரீச்சர், நீங்கதானே கிழிச்ச" என்றான். பிறகு மணியடிக்கும்வரை பேசினான். அடுத்த பாடவேளைக்கும் நான் அவனை அனுப்பவில்லை.